புது ஸ்பைடர் வாங்குங்கள், கன்டெய்னரில் ஏற்றாதீர்கள்

கடிதம் எழுதியவருக்கு 62 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பூர்வீக வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊர் வழக்கில் ஒரு சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை, கையில் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை. மனைவியோடு தென் பிரான்ஸில் வசிக்கிறார். மகனும் குடும்பத்தோடு பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்.

இவரிடம் 2015 மாடல் கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி இருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று ஓடும் மூன்று சக்கர டூரிங் வண்டி. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைரனீஸ் மலைகளைத் தாண்டி ஸ்பெயின் வரை பல தடவை போய் வந்திருக்கிறார். போன வருடம் இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து கியர் மாற்றும்போது வலி. அடுத்த வருடம் புதுச்சேரிக்கே நிரந்தரமாகத் திரும்ப முடிவு செய்திருக்கிறார். அதற்குள் பழைய வண்டியை டீலரிடம் கொடுத்துவிட்டு 2021-ல் தயாரான ஆர்டி ஒன்றை எடுத்து, வீட்டுச் சாமான்கள் வரும் கன்டெய்னரிலேயே சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப நினைக்கிறார். டீலர் கேட்கும் விலை 21,000 யூரோ. இந்த மாத இறுதிக்குள் 1,500 யூரோ முன்பணம் கட்டச் சொல்கிறார்.

நண்பர்கள் ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து திரும்புபவர் வண்டியையும் வீட்டுச் சாமானாக வரியில்லாமல் கொண்டுவரலாம் என்கிறார் ஒருவர். கார்னே என்ற தற்காலிக அனுமதிப் புத்தகம் எடுத்துக் கொண்டுவந்து வருடா வருடம் புதுப்பித்துக்கொள் என்கிறார் இன்னொருவர். சென்னைப் பக்கம் ஒருவர் தன் மூன்று சக்கர டூரிங் வண்டியை விற்கிறாராம், அதை முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. இங்கே ஒரு 650 சிசி பைக் வாங்கினால் கடலூரில் ஒரு பட்டறையில் பின்சக்கரத்தை இரண்டாக்கித் தருவார்கள் என்று கடைசியாக ஒன்று. மகன், “பேசாமல் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குங்கள்” என்கிறார். மனைவி, “அந்த ரோட்டில் நான் பின்னால் உட்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

“எந்த மாடல் எடுத்தால் சட்டப்படி சிக்கல் இருக்காது? பயணத்துக்கு இப்போது போடும் இரண்டு ஹெல்மெட்டையும் கொண்டுவரலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, வணக்கம்.

மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீங்களும் துணைவியாரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இனி இந்த வண்டியை எந்த நாட்டு ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்? பிரான்ஸில் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலை நினைத்தால் மாற்றுவது நல்லது என்றே சொல்வேன். புதுச்சேரியில் என்றால் அந்த 2021 வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள். வருடம் மாறினாலும் வகை மாறினாலும் இந்தப் பதில் பெரிதாக மாறாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வீட்டுச் சாமானோடு வண்டி வராது

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. வெளிநாட்டு வாசத்தை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு வீட்டு உபயோகப் பொருட்களில் சுங்கச் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை ‘பேகேஜ்’ எனப்படும் பயணிகளின் உடைமைக்கு மட்டும்தான். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 2(3) பிரிவு, பின்னால் தனியாக வரும் சாமான்களையும் பேகேஜில் சேர்த்துவிட்டு, மோட்டார் வாகனத்தை மட்டும் பெயர் சொல்லி வெளியே நிறுத்துகிறது. நீங்கள் இரண்டு வருடம் இருந்தாலும் முப்பது வருடம் இருந்தாலும் வண்டி உடைமைக் கணக்கில் வராது. அது தனி இறக்குமதி. ஓசிஐ அட்டையாலும் இதில் ஒன்றும் ஆகாது.

தனி இறக்குமதி என்று வந்ததும் பழைய வண்டிக்கான நிபந்தனைகள் தொடங்கிவிடும். தயாரான நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் 2021 வண்டி இந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினாலும், பயன்படுத்திய வாகனங்கள் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர முடியும், சென்னைக்கு அனுமதி இல்லை. இடதுபுறம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி முகப்பு விளக்கின் ஒளி விழ வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. பிரான்ஸில் ஓடும் வண்டியின் விளக்கு வலதுபுற ஓட்டத்துக்காக அமைந்தது, அதை மாற்ற வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு சான்றிதழ், வந்து இறங்கிய பின் இங்குள்ள சோதனை நிறுவனத்தில் ஒரு பரிசோதனை, இனி ஐந்து வருடமாவது ரோட்டில் ஓடும் தகுதி இருக்கிறது என்பதற்கும் அதற்கு சர்வீஸ் வசதி கிடைக்கும் என்பதற்கும் உறுதிமொழி. கார் கொண்டுவருகிறவர்களே இந்த இடத்தில் களைத்துப் போகிறார்கள்.

இதில் ஒரு நடைமுறை ஆபத்தும் இருக்கிறது. வண்டி உள்ளே இருக்கும் கன்டெய்னர் சென்னையில் இறங்கி, வண்டியைச் சுங்கத்துறை நிறுத்திவைத்தால், அதோடு சேர்ந்து உங்கள் கட்டில், பீரோ, பாத்திரம் பண்டமெல்லாம் துறைமுகத்தில் கிடக்கும். வாடகையும் தாமதக் கட்டணமும் நாள் கணக்கில் ஏறும். தகராறு வண்டியைப் பற்றியது, சாமானை விடுங்கள் என்று கேட்டு வாங்குவதற்கே தனியாக அலைய வேண்டும்.

“வண்டியைக் கழற்றி உதிரி பாகம் என்று போட்டு அனுப்பினால்?” என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. பொருளைத் தவறாகச் சொல்லி இறக்குவது பறிமுதலுக்கும் அபராதத்துக்கும் இடம் கொடுப்பது. அதில் தப்பினாலும், இங்கே பூட்டி முடித்த வண்டிக்குப் பதிவு எண் கிடைக்காது.

புத்தம் புதியதாக வாங்கி அனுப்பினால் என்ன என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். மூன்று வருடக் கட்டுப்பாடு அதற்கு இல்லை, சென்னைத் துறைமுகமும் திறந்திருக்கிறது. தடை இரண்டு இடத்தில் வரும். முதலாவது வரி. 1,600 சிசிக்கு உட்பட்ட முழு பைக்குக்கு அடிப்படைச் சுங்க வரியை 2025 பட்ஜெட்டில் 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. வண்டி, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 100 ரூபாய் என்றால் சுங்கம் 40, அந்த 140-க்கு மேல் ஜிஎஸ்டி 56. ஆக 196. வண்டி விலையைக் கிட்டத்தட்ட இரண்டு தடவை கொடுக்கிறீர்கள். அதுவும் சுங்கத்துறை அதை பைக் என்று ஒப்புக்கொண்டால். மூன்று சக்கர வண்டியை பைக் வகையில் சேர்ப்பதா கார் வகையில் சேர்ப்பதா என்பது ஸ்டியரிங் அமைப்பு, ரிவர்ஸ் கியர் மாதிரி விஷயங்களைப் பார்த்து முடிவாகும் கேள்வி. ஸ்பைடருக்கு ரிவர்ஸ் இருக்கிறது. கார் என்று வைத்தால் கணக்கே வேறு. வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள மும்பையிலும் டெல்லியிலும் இருக்கும் சுங்க முன்கூட்டித் தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. அவ்வளவு தூரம் போகிற ஆள் என்றால் அதைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது தடை, நம் ஊர் விதிக்கு ஏற்ற வண்டி என்ற சான்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்று சக்கரத்துக்கான பகுதிகளைப் படித்தால் எழுதியவர்களின் மனதில் ஆட்டோவும் சுமை வண்டியும்தான் இருந்தன என்று புரியும். 1,330 சிசி, 115 குதிரை சக்தி, இரண்டு பேர் சொகுசாக ஊர் சுற்றும் மூன்று சக்கர வண்டி அவர்கள் கணக்கிலேயே இல்லை. புனேவில் இருக்கும் அராய் என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் சோதனை மையம் போன்றவை சான்று தரும் இடங்கள். ஒரே ஒரு வண்டிக்காகத் தனிமனிதர் அந்த வாசலில் நின்று சான்று வாங்குவது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. அந்தச் சான்றும் சுங்க ரசீதும் இல்லாமல் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறை ‘பிஒய்’ எண் தராது.

“அங்கே நமக்கு ஆள் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டுத் தள்ளி நில்லுங்கள். இங்கே சாலை வரி குறைவு என்று கேரளத்துக்காரர்கள் போலி முகவரி காட்டி வண்டி பதிவு செய்த விவகாரம் 2017-ல் எவ்வளவு பெரிதாக வெடித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் முகவரி உண்மையானதுதான். ஆனால் அதற்குப் பிறகு இங்கே பதிவாகும் விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகளை எல்லாருமே ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்க்கிறார்கள்.

கார்னே சுற்றுலாப் பயணிக்கு

கார்னே என்பது வண்டிக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் மாதிரி. உங்கள் ஊர் ஆட்டோமொபைல் சங்கம் உத்தரவாதம் நிற்கும், நீங்கள் வரி கட்டாமல் வண்டியை உள்ளே கொண்டுவருவீர்கள், குறித்த காலத்துக்குள் திரும்ப எடுத்துப் போவீர்கள். இந்தியாவில் அந்தக் காலம் ஆறு மாதம். கார்னே புத்தகத்தில் ஒரு வருடம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் குழம்பியிருக்கிறார். இங்கே வந்து தங்கிவிடப் போகிறவருக்கு அது பொருந்தாது. காலம் கடந்து வண்டி இங்கேயே நின்றுவிட்டால் மொத்த வரியையும் இந்தியா அந்தச் சங்கத்திடம் கேட்கும், சங்கம் உங்கள் உத்தரவாதப் பணத்தில் கை வைக்கும்.

அதே சமயம், இதை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். நிரந்தரமாகத் திரும்புவதற்கு முன்னால், பிரான்ஸில் வசிப்பவராக இருக்கும்போதே, ஒரு குளிர்காலத்துக்கு வண்டியோடு வந்து கன்னியாகுமரி வரை ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆசை இருந்தால், கார்னே அதற்குத்தான் இருக்கிறது. கப்பல் கூலி இரண்டு பக்கமும் உங்களுடையது, இங்கே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். ஆசைக்கு அது ஒரு விலை. கட்டுபடியாகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சென்னை வண்டியும் கடலூர் பட்டறையும்

சென்னையில் விற்பனைக்கு இருக்கும் வண்டி என்ன கம்பெனி, எந்த வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் வண்டியைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள். சுங்கத்தில் பணம் கட்டிய ‘பில் ஆஃப் என்ட்ரி’ அசல், அதில் இருக்கும் சேசிஸ் எண், ஆர்.சி.யில் இருக்கும் எண், வண்டியில் அடித்திருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்.சி.யில் வாகன வகை என்று என்ன போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு சக்கர பைக் என்று பதிவாகி மூன்று சக்கரத்தில் நின்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கார்னேயில் வந்து திரும்பாத வண்டியாகவும் இருக்கலாம், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சலுகையில் வந்ததாகவும் இருக்கலாம். சுங்கக் குற்றம் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் தெரியாமல் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைத் தேடிக் கேரளத்தில் சுங்கத்துறை சோதனை நடத்தியபோது, கைமாறி வாங்கியவர்கள் வீட்டு வாசலிலும்தான் அதிகாரிகள் நின்றார்கள். தாள் எல்லாம் சுத்தமாக இருந்தால்? அப்போது எனக்கு எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் சட்டப்படி நடக்கக்கூடிய ஒரே இந்திய வழி இதுதான், வாய்ப்பு சிறியது என்றாலும்.

கடலூர் பட்டறை யோசனைக்கு நான் நேராக ‘வேண்டாம்’ சொல்கிறேன். வேலை தெரியாதவர்கள் என்பதற்காக அல்ல, அங்கே நல்ல கைகள் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 5,000 ரூபாய் உங்களுக்குப் பெரிதில்லை. விபத்து நடந்தால்தான் பெரிது. வண்டியின் அமைப்பே மாறியிருக்கிறது, எங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். இன்னொன்றும் உண்டு. இரண்டு சக்கர பைக்கின் ஃபிரேம் வளைவில் சாய்ந்து திரும்புவதற்காகச் செய்தது. பின்னால் இரண்டு சக்கரம் வந்ததும் சாய முடியாது, பக்கவாட்டு இழுப்பு முழுவதும் ஃபிரேமும் கைப்பிடியும் தாங்க வேண்டும். ஸ்பைடர் அதற்கென்றே கட்டியது, வளைவில் தூக்காமல் இருக்க மின்னணுக் கட்டுப்பாடும் அதில் இருக்கிறது. பட்டறையில் அது கிடைக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஓடுகிறது. அது சட்டத்தில் தனி வகை, 2019 திருத்தத்தில் ‘அடாப்டட் வெஹிகிள்’ என்று பெயர். உடல் குறைபாடு உள்ளவர் தன் உபயோகத்துக்கு மட்டும், பதிவு அதிகாரியின் அனுமதியோடு. முழங்கால் மாற்றியதாலேயே ஒருவர் அந்த வகையில் வந்துவிட மாட்டார். உங்கள் மருத்துவர் மதிப்பிட்டு அப்படிச் சான்று கொடுத்தால் உள்ளூருக்கு அது நல்ல வழி. நெடும்பயணத்துக்கு அல்ல.

உரிமம் பற்றி ஒரு திருத்தம். இங்கே எடுத்த பழைய டூவீலர் லைசென்ஸ் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கர வாகனம், கழற்றி மாட்டும் சைடு கார் சேர்ந்தாலும் சரி, அவ்வளவுதான். பொதுப் போக்குவரத்துக்கு அல்லாத மூன்று சக்கர வண்டி அந்த விளக்கத்தில் அடங்காமல் மோட்டார் கார் பக்கம் போய்விடுகிறது. அதற்கு எல்எம்வி எனப்படும் இலகு ரக வாகன உரிமம் வேண்டும். கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற ஒன்றைச் சட்டம் கார் என்று பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் பொருந்தாத உரிமத்தோடு ஒரு விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் விடலாம்.

பிரான்ஸில் மாற்றுவதானால்

பிரெஞ்சுச் சட்டம் என் தொழில் களம் அல்ல. ஆனால் புதுச்சேரியில் வக்கீலாக இருந்தால் பிரெஞ்சுத் தாள்கள் மேஜைக்கு வராமல் இருக்காது. அந்த அளவில் சொல்கிறேன், அங்கே ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியையே பாருங்கள். ஸ்பைடர் ஆர்டிக்கு 1,330 சிசி மூன்று சிலிண்டர் ரோடாக்ஸ் இன்ஜின் 2014 மாடலிலேயே வந்துவிட்டது. உங்கள் 2015 வண்டியிலும் 2021-லும் அதே இன்ஜின்தான். 2020-ல் உடம்பை மாற்றினார்கள். எல்இடி விளக்கு, கால் நீட்டி வைக்க அகலமான ஃபுட்போர்டு, மொத்தம் 177 லிட்டர் சாமான் இடம் எல்லாம் அப்போது வந்தவை. பெரிய தொடுதிரை வேண்டுமென்றால் அது 2024 மாடலில்தான். உங்களுக்கு உண்மையில் தேவையானது இவற்றில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இப்போது நீங்கள் ஓட்டுவது இடது காலால் கியர் மாற்றும் வகை, வலி அங்கேதான். செமி ஆட்டோமேட்டிக்கில் கியர் கைவிரலில் வந்துவிடும், இடது காலுக்கு வேலையே இல்லை. அது 2015 மாடலிலேயே கிடைக்கிறது. எனவே 21,000 யூரோ கொடுக்காமலும் உங்கள் முழங்காலுக்கு விடை இருக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஸ்பைடரில் கை பிரேக் லீவர் கிடையாது, மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது கால் பெடல் ஒன்றுதான். இடது முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வலதும் பின்னாலேயே வருவது உண்டு. வலது கால் நிலைமை என்ன என்று அறுவை சிகிச்சை செய்தவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முன்பணத்தில் கையெழுத்துப் போடும் தாளைக் கவனமாகப் படியுங்கள். ‘ஆர்’ என்று எழுதியிருந்தால் அந்த 1,500 யூரோவை விட்டுவிட்டு நீங்கள் விலகலாம். ‘அகோந்த்’ என்று இருந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று டீலர் உங்களைப் பிடிக்கலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால் நுகர்வோருக்கு அது ‘ஆர்’ ஆகவே கணக்கு. டீலர் விற்கும் பழைய வண்டிக்கும் இரண்டு வருட சட்டபூர்வ உத்தரவாதம் அங்கே உண்டு. வாங்கிய ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால் அது முன்பே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டால் இந்த உத்தரவாதம் தாளில் மட்டும்தான் இருக்கும். பழையதை வெளியில் விற்பதானால், 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வகை வண்டிகளுக்கும் அங்கே தொழில்நுட்பச் சோதனை வந்துவிட்டது, அந்தச் சான்று வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகனிடம் ஒன்று கேட்பேன். அவர் வீட்டு கராஜில் ஒரு வண்டிக்கு இடம் இருக்குமா? பேரப்பிள்ளைகளைப் பார்க்க எப்படியும் வருடத்துக்கு ஒரு தடவை போவீர்கள். கோடையில் போய் இரண்டு மாதம் தங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்பெயின் பக்கம் சுற்றிவிட்டு வரலாம். புதுச்சேரியில் வருடம் முழுக்க ஓட்டினாலும் அவ்வளவு தூரம் நிம்மதியாக ஓட்ட முடியுமா என்பது சந்தேகம்தான்.

துணைவியார் சொன்னதை பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடம் உங்கள் பின்னால் மலைப்பாதையில் உட்கார்ந்து வந்தவர் பயந்தவராக இருக்க முடியாது. அவர் ரோட்டைப் பார்த்துச் சொல்கிறார். பைக்கில் போகிறவர் ஒரு குழியை ஒரு கோட்டில் ஒதுக்கிப் போய்விடலாம். உங்கள் வண்டி மூன்று கோட்டில் போகிறது, ஏதாவது ஒரு சக்கரம் குழியில் இறங்கியே தீரும். ஒன்றரை மீட்டர் அகலம், நானூறு கிலோவுக்கு மேல் எடை, தரையிலிருந்து அரை அடிக்கும் குறைவான உயரம். ஊருக்கு ஊர் ஆளுக்கொரு உயரத்தில் போட்டிருக்கும் வேகத்தடையில் வயிறு தட்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தை நாளில் காந்தி வீதியை அதில் தாண்டுவதை நினைத்தும் பாருங்கள். கடற்கரைச் சாலையில் மாலை நேரம் ஓட்ட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் போன காலத்து நினைவு அது. மாலை ஆறு மணிக்கே அங்கே வண்டி விடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

மகன் சொன்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் டூரிங் ஆசைக்கு மாற்று இல்லைதான். ஆனால் முத்தியால்பேட்டையிலிருந்து மார்க்கெட்டுக்கும், கடலூரில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கும் அது போதும். கியர் இல்லை, பிரேக் இரண்டும் கையில். முழங்காலுக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் டூவீலர் லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் ஊர் வந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். வயது காரணமாக மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டீலரிடம் அவகாசம் கேளுங்கள், ‘வேறு ஆள் வந்துவிடுவார்’ என்பார், வரட்டும். செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். கன்டெய்னர் கம்பெனிக்குக் கொடுத்த சாமான் பட்டியலில் வண்டி இருந்தால் எழுத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சென்னை வண்டியின் ஆர்.சி., பில் ஆஃப் என்ட்ரி இரண்டின் நகல் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

ஹெல்மெட் கேட்டிருந்தீர்கள். கொண்டுவரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் இங்கே டூவீலருக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்தான் விதி, உங்களுடையதில் ஐரோப்பிய முத்திரை இருக்கும். அது தரத்தில் குறைந்ததல்ல, இருந்தாலும் சோதனையில் நிறுத்துகிறவரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஸ்கூட்டர் வாங்கும்போது ஐஎஸ்ஐ போட்டது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழையது இரண்டும் மகன் வீட்டு கராஜிலேயே இருக்கட்டும், கோடைக்கு வேண்டியிருக்கும்.